ஒழுகாத மேசை

1. வாசலில் நின்றது

மகளின் கலியாணத்துக்கு முந்திய வாரம், எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு குழாய் மேசை சிக்கிக்கொண்டது. பலகையைக் கழற்றிவிட்டோம், சட்டம் மட்டும்தான். முன்னங்கால்கள் விறாந்தைக்கு வந்துவிட்டன. கால்மிதிக் குழாய் கதவுநிலையில் முட்டி நின்றது. உள்ளே என் மனைவி ஹாஜறா. வெளியே மாப்பிள்ளையின் தகப்பனாரான ஹாஜியார். நடுவில் நான், கையில் பைப் ரெஞ்சுடன்.

அரச திணைக்களமொன்றில் நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மதகுகளையும் வான்கதவுகளையும் பற்றி எழுதுமாறு இளைய பொறியியலாளர்கள் கேட்கிறார்கள். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது இந்த மேசையைப் பற்றி.

2. சணல்

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பின் கல்முனையில் கூரையில்லாத வீடுகளே அதிகம். எல்லோருக்கும் பிளான் தேவைப்பட்டது. ஹாஜறா தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பாடநெறியை முடித்தவள். கலியாணத்துக்குப் பின் அலுவலகம் போகவில்லை, வீட்டிலிருந்தே வரைந்தாள். ட்ரேசிங் தாளில் அவள் இழுக்கும் மைக்கோடு தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே தடிப்பாக இருக்கும். என் கோடு அப்படி இராது. ஒப்பந்தகாரர்கள் என்னைத் தேடி வருவதாகத்தான் முதலில் சொல்வார்கள். சுருட்டிய தாளை நீட்டுவது அவளிடம்.

சிறு வயதில் விழுந்ததால் அவளுக்கு இடுப்பில் நிரந்தர நோவு. கதிரையில் நெடுநேரம் இருக்க முடியாது. நின்றபடி, ஒரு காலைச் சற்று உயரத்தில் ஊன்றிக்கொண்டுதான் வரைவாள். அதற்காகச் செய்த இரண்டு மரமேசைகளையும் கறையான் தின்றது. மூன்றாவதை நாகம் பூசிய முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயில் செய்வதென்று தீர்மானித்தேன்.

அளவு நான் கொடுத்தேன். குழாய்களை வெட்டி மரை போட்டு, வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர் பிளம்பர் அலியார் காக்கா; அண்ணன் போன்றவர்களை எங்கள் பக்கம் காக்கா என்போம். நான்கு கால்கள், குறுக்கே நீளக் குழாய்கள், அவள் காலூன்றக் கீழே ஒன்று. பிற்பாடு கழற்றுவதற்காக நீளக் குழாய்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு யூனியன் வைத்தோம். யூனியனின் நட்டைத் திருகினால் குழாய் இரண்டாகப் பிரியும். மற்ற இணைப்புகளைத் தொடத் தேவையில்லை. வரைபடத்தில் குறை இருக்கவில்லை.

மாலையில் வந்து பார்த்தபோது, அலியார் காக்கா ஒவ்வொரு மரையிலும் சணலைச் சுற்றி, கசிவடைக்கும் ரெட் லெட் பசை பூசிப் பூட்டி முடித்திருந்தார். யூனியன் நட்டுகளையும் விட்டுவைக்கவில்லை.

"என்ன அலியார் காக்கா, மேசைக்குமா சணல்?"

"சணல் சுத்தாத மரை ஒரு மரையா சேர்? நான் பூட்டின வேலையில ஒரு சொட்டு ஒழுகினதெண்டு ஊருக்குள்ள ஆரும் செல்லட்டும் பாப்பம்."

"இதுக்குள்ள தண்ணி வரப்போறதில்லையே."

"வந்தா?"

ஹாஜறா வாய்விட்டுச் சிரித்தாள். "உடுங்க. என்ட மேச ஒழுகாட்டி நல்லதுதானே."

3. வீடு யாருக்கு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணமென்றால் பெற்றோர் வீட்டை அவள் பெயரில் உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறுவார்கள். மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவார். ஹாஜறாவுக்கும் அந்த வீடு அப்படித்தான் கிடைத்தது. மகள் நிஹாறாவின் முறை வந்தபோது, பின் வளவில் இரண்டு அறைகளைக் கட்டிக்கொண்டோம். அதில் வருத்தமில்லை, அது எல்லோரும் நடந்துபோகும் வழி.

ஹாஜியாருக்குக் கடைத்தெருவில் புடவைக் கடை. நல்ல மனிதர், அடுத்தவர் வீட்டைத் தன் கடையைப்போல் அடுக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்தது.

"சம்மந்தி, கோவிக்கப்படா. எங்கட ஆக்கள் வந்து இரிக்கிற எடத்தில இதென்ன இரும்புக் கூடு?"

"பின் வளவுக்குக் கொண்டுபோறம் ஹாஜியார். அங்க முன் அறையில போடலாம்."

"அங்கயும் எதுக்கு? மருமகன் எடுக்கிற வயசில பொம்புள நிண்டு கோடு கீறி ஒழைக்கணுமா? சனம் என்ன கதைக்கும்?"

திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜறாவின் குரல் வந்தது. "சனம் இப்பயும் கதைக்குதுதான் காக்கா. கதைச்சிட்டு ஊட்டுப் பிளானுக்கு இங்கதான் வருது."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே, "கலியாணம் முடியட்டும், பாப்பம்" என்றார்.

அந்த வாரம் ஹாஜறாவின் பலகையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைப் படம் இருந்தது. மாரிமழைக்கு முன் கூரை ஏற வேண்டும்; ஒப்பந்தகாரர் படத்துக்காகக் காத்திருந்தார். அந்த மேசை ஒரு நாள்கூடச் சும்மா கிடக்க அவளால் விட முடியாது.

4. நிலை

இனி, வாசலுக்குத் திரும்புகிறேன். யூனியன்கள் அசையவில்லை. ரெட் லெட் இறுகிக் கல்லாகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். அலியார் காக்கா தன் முழுப் பாரத்தையும் ரெஞ்சின் பிடியில் போட்டுத் தொங்கினார். முழுதாக வெளியேற்றலாமென்றால், எந்தப் பக்கம் திருப்பினாலும் சட்டம் நிலையைவிட நான்கு விரல் அகலம். பின்வாசல் அதைவிட ஒடுக்கம். யன்னல்களுக்குக் கம்பி.

"கொளத்தையே தொறக்கிற இஞ்சினியர், ஒரு நட்டத் தொறக்க ஏலாதா?" என்றார் ஹாஜியார்.

அலியார் காக்கா வியர்வையைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "நான் அண்டைக்கே சென்னேன்தானே சேர், ஒழுகாதெண்டு." அவர் முகத்தில் வெட்கத்தின் சாயலே இல்லை.

ஹாஜியார் கடைப் பையனை அனுப்பி இரும்பு அறுக்கும் வாள் ஒன்றை எடுப்பித்தார். "அறுங்க. நாலு துண்டு. பொறகு ஒட்டிக்கலாம்."

ஒட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். வெல்டிங் சூட்டில் நாகப்பூச்சு எரிந்துபோகும். கடற்காற்று அந்த இடத்தை விட்டுவைக்காது. அறுத்த முனைகளில் புதிதாக மரை வெட்டி வேறு யூனியன் போடலாம். அதுவே முறையான வழி. ஆனால் மரை வெட்டும் டை தொலைவில், கோமாரி என்ற ஊரில் ஒரு வேலைத்தலத்தில் இருந்தது. எப்போது திரும்புமென்று அலியார் காக்காவுக்கே தெரியாது. இதையெல்லாம் நான் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஹாஜறா விளக்கத்தைக் கேட்கவில்லை.

"அறுக்கப்படா. துண்டாக்கினா துண்டாவேதான் கெடக்கும். இப்ப கலியாணம் முடியட்டும் எண்டு செல்லுவீங்க. பொறகு பேரப்புள்ள வரட்டும் எண்டு செல்லுவீங்க. எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது சரி.

கலியாணப் பெண் மாமனார் முன் வெளிப்படுவது வழக்கமில்லை. நிஹாறா திரையை விலக்காமலே பேசினாள்.

"வாப்பா, இந்த ஊட்டு உறுதி ஆர்ர பேர்ல?"

"உன்ட பேர்ல மகள்."

"அப்ப நிலைய ஒடைங்க."

ஹாஜியார் திடுக்கிட்டார். "என்ன புள்ள கதைக்கிற? தலவாசல் நிலையையா? கலியாண ஊட்டிலயா?"

"ஓம் மாமா. மேசைய அறுக்கிறதெண்டா உம்மாட்டக் கேக்கணும். அவ ஏலா எண்டுட்டா. நிலைய ஒடைக்கிறதெண்டா என்னட்டக் கேக்கணும். நான் ஓம் எண்டுட்டன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். வீடு இனி என்னுடையதல்ல என்று அவருக்கு நினைவூட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபடிதான் உறுதி எழுதப்பட்டிருந்தது.

அலியார் காக்கா ஓடிப்போய், நிலையை நெம்ப அலவாங்கு கொண்டுவந்தார். நிலை பெயர்ந்தது, கூடவே இருபுறமும் சாந்து உதிர்ந்து கற்கள் பல்லைக் காட்டின. சட்டத்தை நான்கு பேர் முழுதாகத் தூக்கிக்கொண்டு வளவைக் கடந்தோம். ஹாஜறா பக்கத்தில் மெல்ல நடந்து வந்தாள், ஒரு கை குழாயின் மேல். அன்று பின்னேரமே பலகையைப் பூட்டினோம். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் கூரைப் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

வாசலைத் திரும்பக் கட்ட மேசன் கலியாணத்துக்குப் பிறகுதான் வந்தார். இடிந்த வாசலில் வெள்ளைத் துணி கட்டி மாப்பிள்ளையை அழைத்தோம். "மாப்புள, ஊருக்குள்ளயே அகலமான வாசல் ஒங்களுக்குத்தான்" என்று யாரோ கத்தினார்கள். முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. ஹாஜியார் சற்றுத் தாமதித்துச் சிரித்தார்.

5. கற்றது

குழாயால் மேசை செய்ய விரும்புகிறவர்களுக்கு: தண்ணீர் ஓடாத இணைப்புக்குச் சணலும் வேண்டாம், ரெட் லெட்டும் வேண்டாம். மரையில் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். கை இறுக்கம் போதும். செய்யத் தொடங்குமுன் வாசலை அளந்துகொள்ளுங்கள்.

மற்றது, எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லாதது. ஒரு பொருள் வாசலில் சிக்கினால், பொருளைத்தான் அறுக்க வேண்டுமென்று சுற்றி நிற்கும் அனைவரும் சொல்வார்கள். நானும் வாளுக்கு வழிசொல்லிக்கொண்டுதான் நின்றேன். வாசலும் மனிதர் பூட்டியதே, அதையும் கழற்றலாம்.

ஹாஜறா கண்மூடி மௌத்தான அன்று, சனம் இருக்க இடம் போதாது, மேசையை வெளியே எடுப்போம் என்று சிலர் வந்தார்கள். உதவி செய்யவே வந்தார்கள். தொட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். நான் பாய்களை விரித்தேன்.

மேசை நின்ற இடத்திலேயே நின்றது. அவளுக்காக யாசீன் ஓத வந்தவர்கள் அதைச் சுற்றி இருந்து ஓதினார்கள்.