அம்மாவிடம் சண்டை போட்டுக் கேட்ட வண்டி

அம்மாவின் பிள்ளைகளே, இதை நான் சிரித்த முகத்தோடு சொல்லவில்லை. வயிறு எரிந்துதான் சொல்கிறேன். முத்துமாரி என் புருஷனைக் காப்பாற்றினாள், அது சத்தியம். ஆனால் பாம்பிடமிருந்து மட்டும் இல்லை, எங்கள் ஆட்களிடமிருந்தும் சேர்த்துத்தான் காப்பாற்றினாள்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரர் முருகேசுவும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். போன வருடம் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் காலை, மரத்தடிச் சருகுக்குள் கிடந்த விரியன் அவரைக் காலில் கடித்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். கால் வீங்கிக்கொண்டே போனது. ஈறில் ரத்தம் கசிந்தது. தோட்டத்து லொறி கொழும்புக்குப் போயிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆனால் லயத்துக்கு முன்னால் ஓர் ஆட்டோ நின்றது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். சமூக நலனுக்கான தொழில்முனைவு என்று கொழும்பிலிருந்து சிலர் வந்து எங்கள் மாதர் சங்கத்துக்குக் கொடுத்த ஆட்டோ அது. ஆள் ஏற்றி ஹையர் ஓடிப் பிழைக்கலாம், அவசரத்துக்கு நோயாளிகளையும் ஏற்றலாம் என்றார்கள். எங்களை வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ பிடித்து, தின்ன ரோல்ஸ் கொடுத்துவிட்டுப் போனவர்கள்தான். வண்டி யார் கையில் இருக்கிறது என்று பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொம்பளைகளுக்கு ஓட்டத் தெரியாது என்று கோயில் கமிட்டித் தலைவர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவரிடம் ஓடினேன்.

“வண்டிக்கும் காப்புக் கட்டியாச்சும்மா. அம்மனுக்குப் பூவு கொண்டார்ற வண்டி. தேரு முடியிற வரைக்கும் எல்ல தாண்டக் கூடாது” என்றார்.

எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டுவதில்லை. அது சரி. ஆனால் ஹேண்டிலில் மஞ்சள் கயிறு கட்டினால் ஆட்டோவுமா விரதம் இருக்கும்? கேட்டேன். சுற்றி நின்றவர்கள் என் வாயைத்தான் அடக்கப் பார்த்தார்கள்.

கோயிலுக்கு முன்னால் போய் நின்றேன். கை கூப்பவில்லை. கத்தினேன்.

“ஒனக்குப் பூ சொமக்க வண்டி வேணும், என் புருசனுக்கு வேணாமா? நீ தாயின்னா இப்பவே ஒரு வண்டிய அனுப்பு. இல்லாட்டி இந்தப் பக்கம் தல வச்சும் படுக்க மாட்டேன்!”

சொல்லி மூச்சு வாங்கவில்லை, வளைவில் பாட்டுச் சத்தம் கேட்டது. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் சுனில் அண்ணனின் ஆட்டோ. அவர் சிங்களவர். வழக்கமாக மேல் லயத்துக்குப் போய்விட்டுத்தான் எங்களிடம் வருவார். அன்று நேரே இங்கே வந்தார். ஏன் என்று பிறகு கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் பாண் தட்டுகளை இழுத்து இழுத்து எங்கள் வாசலில் இறக்கினார். “பாண் நாளைக்கும் விக்கலாம் நங்கி. ஏத்து, ஏத்து!” என்றார். தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்பார்கள். பாண் இருந்த பெட்டிக்குள் என் வீட்டுக்காரரை முழங்கால் மடக்கி உட்கார வைத்தோம். பாட்டை நிறுத்த மறந்து ஆஸ்பத்திரி வாசல்வரை பாட்டோடேயே போனோம். நான் அழுதுகொண்டே போனேன்.

இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். ஊசி போட்டார்கள். அவர் பிழைத்தார். தாயே, உனக்குக் கோடி கும்பிடு.

அவர் வீடு திரும்பியதும் மாதர் சங்கப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். சாவி கைக்கு வரும்வரை நகரவில்லை. சுனில் அண்ணன் ஓட்டப் பழக்கினார். லைசன்ஸ் எடுத்தேன். இப்போது காலையில் மரக்கறி விற்கிறேன், பிறகு ஹையர் ஓடுகிறேன். நோயாளி என்று யார் கூப்பிட்டாலும் கூடைகளை நின்ற இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போவேன். ஊருக்கு உதவாத வியாபாரம் எனக்கு வேண்டாம்.

போன மாதம் தலைவருக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி போனில் அழுதார். போகாதே என்றது மனம். போனேன்.

“எனக்கு ஒண்ணும் ஆகாதே வசந்தி?” என்று பின்சீட்டில் முனகினார்.

“பேசாம வாங்க தலைவரே. மூச்சு வாங்கும்.”

வழிநெடுக மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து, அவருக்கு அலுங்காமல் ஓட்டினேன். அந்த நிதானம் என்னுடையது இல்லை. அம்மா கொடுத்தது. அவரும் பிழைத்துக்கொண்டார். என் கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். கும்பிட மனம் வராவிட்டால் சண்டையாவது போடுங்கள், கேட்பாள். எங்கள் பக்கத்து ஆட்களாக இருந்தால், அவளைக் கூப்பிட்ட கையோடு எனக்கும் போனில் ஒரு கோல் எடுங்கள். என்னைப் பிடிக்காதவர்களும் எடுக்கலாம். வருவேன்.