அணுவை நடத்தாத பள்ளிக்கூடம்

திருநகர் போகிற மெயின் ரோட்டில் என் மூஞ்சியை ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். நான் படித்த தனியார் பள்ளிக்கூடத்தின் வேலை. 'வேதியியலில் நூற்றுக்கு நூறு' என்று கன்னத்தை ஒட்டிச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பஸ்ஸில் அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நூறு வாங்கிய மகராசன் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்து, முதல் செமஸ்டரிலேயே அதே வேதியியலில் அரியர் வைத்திருந்தான்.

நடந்த கூத்தைச் சொல்கிறேன். அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்த அன்றைக்கே எங்கள் கையில் பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமும் அதே புத்தகம்தான். "பிளஸ் ஒன் மார்க்க எவனும் கேக்கப் போறதில்ல, பாஸானாப் போதும்" என்பார் தாளாளர். அணு என்றால் என்ன, தனிம வரிசை அட்டவணையை ஏன் அப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிளஸ் ஒன் பாடம். அதை நடத்தவே இல்லை. பிளஸ் ஒன் பொதுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஜெராக்ஸ் கட்டு வந்தது. ஒரு மார்க் கேள்விகளும் அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று விடைகளும் அதில் இருந்தன. கேள்வியின் முதல் வார்த்தையையும் விடையின் எழுத்தையும் சேர்த்து உருப்போடச் சொன்னார்கள். காலையில் பிரேயர் முடிந்ததும் மைதானத்தில் நின்று தொண்டை கட்டக் கத்துவோம்.

கல்லூரிக்கு வந்த புதிதில் ஒருநாள் பேராசிரியர் என்னை எழுப்பினார். அட்டவணையில் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக அணுவின் அளவு என்ன ஆகும் என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"பி, சார்."

வகுப்பே சிரித்தது. "'பி'ன்னா என்னப்பா? கூடுமா, கொறையுமா?" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எழுத்து மட்டும்தான். எலக்ட்ரான் ஒவ்வொன்றாகக் கூடுகிறதே, அப்படியென்றால் அணுவும் பெருக்கத்தானே வேண்டும் என்று யோசித்து, "கூடும் சார்" என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து கேன்டீனில்கூட, "மாப்ள, நம்ம ஆப்ஷன் 'பி'க்கு ஒரு டீ சொல்லு" என்றுதான் கூப்பிட்டான்கள்.

அரியர் விழுந்த பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தைத் தேடி வாங்கினேன். செல்லூரில் எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்க அப்பாவின் விசைத்தறிகள். அந்தத் தடதட சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். வலது பக்கம் போகப் போக எலக்ட்ரான் கூடுவது உண்மைதான். ஆனால் அது வெளியே புதுக் கூட்டுக்குப் போவதில்லை, இருக்கிற கூட்டிலேயே சேருகிறது. கூடவே நடுவில் உட்கருவில் புரோட்டானும் கூடுகிறது. இழுக்கிற கை கூடினால் எல்லாம் உள்ளே நெருங்கத்தானே செய்யும்? அதனால் அணு சுருங்குகிறது. புதிய வெளிக்கூடு தொடங்குகிற இடத்தில் அட்டவணையிலும் அடுத்த வரிசை தொடங்குகிறது. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் ஏன் அந்த ஆட்டம் ஆடுகிறது, நியான் ஏன் யாரோடும் சேராமல் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் காரணம் அங்கே இருந்தது. எனக்கு முதலில் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்புறம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடப்பாவிகளா, இதையாடா எங்களுக்குச் சொல்லாமல் விட்டீர்கள்?

அந்த மே மாதம் தங்கச்சி பத்தாம் வகுப்பு பாஸானாள். என்னைவிடக் கெட்டிக்காரி. நான் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன், எதுக்கு என்று குடைந்துகொண்டே இருப்பாள். அப்பா அவளையும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கப்போவதாகச் சொன்னார். "எனக்கு அது வேணாம்ணே, நம்ம கவர்மெண்டு ஸ்கூல்லயே இருக்கேன், அங்க பிளஸ் ஒன் பாடம் நடத்துறாக" என்று என்னிடம்தான் வந்து அழுதாள்.

"அங்க போனா அவளும் என்னய மாதிரி மக்காத்தான் வருவா" என்று அப்பாவிடம் கத்தினேன்.

"நீ அரியர் வச்சது ஊர் சுத்துனதால. பள்ளிக்கூடத்த எதுக்குடா குத்தம் சொல்ற?" என்று தறியைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியிலிருந்தே எனக்கு போன் வந்தது. பிளஸ் ஒன் சேர வரும் பெற்றோர்களுக்குக் கூட்டம் போடுகிறார்களாம், நூறு வாங்கிய நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். வாரேன் என்றேன். அப்பாவும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அங்கே வரப்போகிறார். எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தால்தான் அவர் காதில் ஏறும் என்று கறுவிக்கொண்டு போனேன்.

எனக்குச் சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். மானம் மரியாதை பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். "பி, சார்" என்று உளறியதை, அரியர் விழுந்ததை, ஒன்று விடவில்லை. "இங்க பிளஸ் ஒன் பாடத்த நடத்தவே மாட்டாங்க. அணுவப் பத்தித் தெரியாம வேதியியல்ல நூறு வாங்கி என்னங்க பிரயோஜனம்? தயவுசெஞ்சு ஒங்க பிள்ளைகள இங்க சேக்காதீங்க" என்றேன்.

தாளாளர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். "தம்பி நூறு வாங்கிட்டு எம்புட்டுத் தன்னடக்கமாப் பேசுறாப்ல பாருங்க! இப்பப் பிளஸ் ஒன்னுக்குப் பொதுப் பரீட்சையே கெடையாது. நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு வருசமும் முழுசா பிளஸ் டூதான்" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. நான் ஏதோ சொல்லப்போனேன், மைக் அவர் கையில் இருந்தது. அந்த ஆளை அப்படியே கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது.

மேடையை விட்டு இறங்கினேன். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், தங்கச்சி அவர் கையைப் பிடித்திருந்தாள். நான் சொன்னது அவருக்கு உறைத்துவிட்டது, அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏண்டா, பாடமே நடத்தாம ஒன்னயவே நூறு வாங்க வச்சிருக்காக" என்றார் அப்பா, முகமெல்லாம் பூரிப்பாக. "அப்ப நல்லாப் படிக்கிற இவள எங்கிட்டுக் கொண்டுபோயி நிறுத்துவாக!"

சொல்லிவிட்டு அட்மிஷன் மேஜைக்கு நடந்தார். தங்கச்சி என் சட்டையைப் பிடித்து, "அண்ணே, இன்னொருக்கா சொல்லிப் பாருண்ணே" என்றாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.