மாமா புதுமுகமான கதை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த மாமாவை, மாமாவின் தம்பி என்று நினைத்துவிட்டேன். அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. 'உங்கள் புதுமுகம், உங்கள் புதுமுகம்' என்று ஆட்டோவில் கட்டியிருந்த குழாய் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

மாமா அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. எங்கள் பக்கத்து ஒன்றியக் கவுன்சிலர். போன தேர்தலில் அவர் வந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அவருடைய பெரிய மீசையைப் பார்த்து அழுதது மட்டும் நினைவிருக்கிறது. மீதியெல்லாம் அம்மா சொன்னது. எங்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த அக்காவின் தலையில் கைவைத்து, "நான் ஜெயிச்சா ஊருக்குள்ள பஸ்ஸு வரும். புள்ள மேல படிக்கட்டும்" என்றாராம்.

ஜெயித்தார். பஸ் வரவில்லை. ஊருக்குள் பஸ் திரும்ப இடமில்லை என்று மாமா சொல்லி அனுப்பினார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைதான். அதற்கு மேல் படிக்கத் திருச்சுழி பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே வெகுதூரம் நடந்து மெயின் ரோட்டில் பஸ் ஏற வேண்டும். அந்த வழியில் அக்காவைத் தனியே அனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை. அக்கா பத்தாவதோடு நின்றாள். கொஞ்ச காலம் மிளகாய்ப்பழம் பறிக்கப் போனாள். பிறகு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தாள். மில் பஸ் ஊருக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனது.

இந்தத் தடவை வந்தவருக்கு மீசையே இல்லை. வேட்டியின் கரை மாறியிருந்தது. என்ன நிறத்திலிருந்து என்ன நிறத்துக்கு என்று சொன்னால் கட்சி தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் 'மக்கள் தோழன்' என்று சேர்ந்திருந்தது. நான் அப்பாவிடம் கேட்டேன்.

"இவுக மாமாவோட தம்பியாப்பா?"

"மாமாதான்டி."

"அப்ப ஏன் புதுமுகங்கிறாக?"

"கட்சி மாறிட்டாரு" என்றார் அப்பா, அதிலேயே எல்லாம் விளங்கிவிடும் என்பதுபோல. கட்சி மாறினால் முகமும் மாறிவிடுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாமா வந்த வேன் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

தெருப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அம்மா தட்டு எடுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேனுக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா அதிர்ந்து பேசாதவள். அன்றைக்கும் அதிர்ந்து பேசவில்லை.

"பஸ்ஸு வரலையேண்ணே."

மாமா சிரித்துக்கொண்டே கும்பிட்டார். "அது அந்தக் கட்சி தங்கச்சி. அங்க என்னையச் செய்ய விடல. அதுனாலதான வெளிய வந்தேன்."

"நாங்க கட்சிகிட்ட கேக்கலண்ணே. எங்க வாசல்ல நின்னு நீங்கதான் சொன்னீக."

"பழச விடுத்தா. இனிமே பாரு."

"பஸ்ஸு திரும்ப எடமில்லன்னு சொன்னீக. மில்லு பஸ்ஸு தெனமும் இங்கனதான் திரும்புது. இந்தா, ஒங்க வேனும் திரும்பித்தான் நிக்கிது."

யாரோ சிரித்தார்கள். குழாய்க்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். அம்மா திரும்பி அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வர மறுத்தாள். அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். மாமா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். நினைவு வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"என்னத்தா படிக்கிற?"

"மில்லுக்குப் போறேன் மாமா."

"நல்லது, நல்லது. நல்ல வேலை" என்றார்.

அக்கா தலை குனிந்துகொண்டாள். வேன் நகர்ந்துவிட்டது.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. சொந்தக்காரனை நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டாள் என்று கோபம். பகலில் வாய் திறக்காத பெண்கள் மறுநாள் ஒவ்வொருத்தியாக வந்து, நல்லா கேட்டீகக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை சுற்றியது. அம்மா செய்தது சரியா தப்பா என்று பெரியவர்கள் யாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. தேர்தலில் மாமாவே ஜெயித்தார். எங்கள் ஊர்ப் பெட்டியில் மட்டும் அவருக்கு ஓட்டுக் குறைந்துபோனதாகப் பேசிக்கொண்டார்கள்.

அம்மா விடவில்லை. கிராமசபையில் எழுந்து கேட்டாள். தெருப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய் பஸ் டிப்போவில் மனுக் கொடுத்தாள். பதில் இல்லையென்று மறுபடியும் போனாள். நான் ஆறாம் வகுப்புக்குத் திருச்சுழியில் சேர்ந்த ஜூன் மாதம், காலையும் மாலையும் ஊருக்குள் பஸ் வரும் என்று முடிவானது.

முதல் நாள் மாமா வந்து தேங்காய் உடைத்தார். பஸ்ஸின் முகப்பை மறைத்து அவருடைய படம் கட்டியிருந்தது. 'வாக்குத் தவறாத தலைவர்' என்று கீழே எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். அம்மா சண்டைக்குப் போவாள் என்று பயந்தேன். அவள் பஸ் சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாமா "தங்கச்சி, வாத்தா" என்று போட்டோவுக்குக் கூப்பிட்டபோதுகூடப் போய் நின்றாள். அது ஏன் என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

டிரைவர் எல்லாரையும் ஏற்றி மெயின் ரோடு வரை ஒரு சுற்று கூட்டிப்போனார். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்காவைத் தேடினேன், அவள் ஏறவில்லை. இறங்கியதும் வீட்டுக்கு ஓடினேன். மில்லிலிருந்து வந்து படுத்திருந்தவள், கண்ணைத் திறந்துகொண்டே சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். சீட்டு எவ்வளவு மெத்தென்று இருந்தது, ஜன்னலில் காற்று எப்படி அடித்தது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"நாளைக்கு நீயும் வாக்கா" என்றேன்.

"நீ போயிட்டு வா. பஸ்ஸு நின்னப்பறம் பாத்து எறங்கு" என்றாள், திரும்பாமலே.

வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு விளையாடப் போனேன்.