வெப்சைட்டுக்கு முதல் வரி

கோபாலபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கும் அதீபாவுக்கு வெப்சைட் என்றாலே எரிச்சல். "வந்து தேறினவங்க நாலு பேர்கிட்ட சொன்னா போதும்டா" என்று, தொழிலுக்கு ஒரு வெப்சைட் போடச் சொல்லும் தம்பி ஆசிஃபின் வாயை ஆறு வருஷமாக அடைத்து வந்தாள்.

நேற்று பாண்டி பஜாரில் தேவானை எதிரே வந்தாள். ஒரு வருஷம் அதீபாவிடம் வந்து, அழுது, தேறியவள். அதீபா ஆசையாகச் சிரித்தாள். தேவானையோ முகத்தைத் திருப்பிக்கொண்டு வளையல் கடைக்குள் நுழைந்துவிட்டாள். ஐந்தே நிமிடத்தில் மெசேஜ் வந்தது: "மன்னிச்சுக்கங்க மேடம், கூட நாத்தனார் இருந்தாங்க."

அதீபாவுக்கு நடுத்தெருவிலேயே சிரிப்பு பீறிட்டது. உடனே தம்பிக்கு போன் போட்டாள்.

"டேய், நம்மகிட்ட வந்தவங்க வெளியில மூச்சுகூட விடமாட்டாங்கடா! வரப்போறவங்களும் யாருக்கும் தெரியாம போன்லதான் தேடுவாங்க. வெப்சைட் இன்னிக்கே வேணும். முதல் வரி எழுதிக்கோ: 'கடைத்தெருவில் எதிரே வந்தால், நானும் உங்களைத் தெரியாத மாதிரிதான் போவேன்.'"