ஆளுக்கு எத்தனை?

டிசம்பர் பிறந்துவிட்டால் அவள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. பிள்ளைகள் மூவரும் இப்போது மூன்று ஊர்களில் குழந்தை குட்டியோடு இருக்கிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டு, உடம்பு எப்படி, மழை உண்டா என்று சுற்றி வளைத்து, கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு எத்தனை பரிசு வாங்குவது?

பையன்கள் கேட்டால், "உங்க அக்காவைக் கேளுங்கடா. அந்தக் கணக்கைத் தீத்து வெச்சவ அவதான்" என்பாள். பெரியவளே கேட்டால் சிரிப்புதான் பதில். போனை வைத்த பிறகு மனசு அவள் முன்பு வேலை பார்த்த பெரிய கடையின் நாலாவது மாடிக்கு ஏறிப்போய்விடும்.

அந்த மாடியில், பொம்மைப் பகுதி முடிந்து லிஃப்ட் இருக்கும் மூலையில், கண்ணாடி பதித்த ஒரு நீள மேசை இருந்தது. வாடிக்கையாளர்கள் வாங்கிவரும் பரிசுகளுக்குக் காகிதம் சுற்றிக்கொடுப்பது அங்கே அவள் வேலை. சம்பளப் பட்டியலில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. மற்ற நேரத்தில் அதற்கு வேலையே இல்லை. முதலாளி முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ரிப்பன் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பெட்டியைக் காகிதத்தின் மேல் ஒருமுறை உருட்டிப் பார்ப்பாள். அதிலேயே அளவு பிடிபட்டுவிடும். கத்தரிக்கோலைப் பாதி திறந்தபடி தள்ளினால் காகிதம் சரசரவென்று நேராகப் பிளந்துகொண்டு போகும். ஓரங்களை மடித்து நகத்தால் ஒரு தேய்ப்பு. டேப் வெளியில் தெரியாமல் உட்பக்கமாக ஓர் ஒட்டு. ரிப்பனைக் கத்தரிக்கோலின் முதுகில் இழுத்துச் சுருளவிட்டு, கடைசியாக மடிப்புகள் சேரும் இடத்தில் கடையின் பெயர் போட்ட தங்கநிற ஸ்டிக்கரை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அத்தனையும் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே நடக்கும்.

"அக்கா, இந்த ரெண்டும் ஒரே சைஸ் மாதிரி தெரியணும். ஒண்ணு பெரிசாத் தெரிஞ்சா வீட்டுல ரத்த ஆறுதான்."

"எத்தனை பசங்க?"

"ரெண்டு."

"ஆளுக்கு எத்தனை?"

"மூணு. போன வருஷம் நாலு. நான் குறைச்சுக்கிட்டே வரேன், அதுங்க ஏத்திக்கிட்டே போகுதுங்க."

இந்தக் கேள்வியை அவள் எல்லோரிடமும் கேட்டாள். சும்மா பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் சொன்னார்கள். ஆனால் சொந்த வீட்டில் அவள் விடை தெரியாமல் தவித்த கேள்வி அதுதான்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவியைப் பறிகொடுத்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்காத ஒரு பெண் குழந்தையோடு நின்ற காலத்தில் அந்தக் கடையின் லிஃப்டைக் கவனிக்க வந்தார். அதன்பின் நாலாவது மாடிக் கதவு மட்டும் அடிக்கடி பழுதானது. "லிஃப்டுக்கு ஒரு கோளாறும் இல்ல. கோளாறு மெக்கானிக்குக்குத்தான்" என்று துணிப் பகுதிப் பெண்கள் அவள் காதுபடவே சிரித்தார்கள். கல்யாணம் முடிந்த மறுவாரத்திலிருந்து கதவு சரியாக வேலை செய்தது.

குழந்தை அவளைச் சித்தி என்று கூப்பிட்டது. அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவர் ஒருமுறை அதட்டினார். "அவ வாயில எது வருதோ அதுவே இருக்கட்டும். கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கறேன்ல, போதும்" என்று அவள் முடித்துவிட்டாள். பின்னால் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் பெரியவள், நடுவுலவன், சின்னவன்.

கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒரு பரிசு என்பது வீட்டு வழக்கம். இரண்டு அறை வீட்டுக்கும் இரண்டு பேர் சம்பளத்துக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது. சங்கடம் கடல் வழியாக வந்தது. பெரியவளின் தாய்மாமன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷம் தவறாமல் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அக்கா மகளுக்கு அட்டைப்பெட்டி அனுப்புவார். உள்ளே எப்போதும் மூன்று பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் புரியாத மொழிச் செய்தித்தாளைச் சுற்றி, கப்பலே உடைந்தாலும் பொருள் உடையக்கூடாது என்பதுபோல் பழுப்பு டேப்பைத் தாறுமாறாக ஓட்டியிருப்பார். அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் ரிப்பன் அக்காவுக்குக் கை அரிக்கும்.

ஆக, பண்டிகைக் காலையில் பெரியவள் பக்கம் நாலு. பையன்கள் பக்கம் ஒன்று, ஒன்று. இதைச் சமன் செய்ய ஒரு வருஷம் பையன்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு வாங்கினாள். பெரியவள் தம்பிகளின் பொட்டலங்களை ஒரு பார்வை பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள், எழுந்துபோய் யாரும் சொல்லாமலே தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் ரிப்பன் அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. மாமா கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றை நேர்செய்ய முடியாது. அடுத்த வருஷம் மறுபடி ஆளுக்கு ஒன்று.

அந்த அடுத்த வருஷம்தான் நடுவுலவன் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தான்.

"அம்மா, அக்காவுக்கு மட்டும் ஏன் கப்பல் மாமா?"

"அவர் அக்காவோட அம்மாவுக்குத் தம்பிடா."

"அந்த அம்மா செத்துட்டாங்கல்ல?"

"ஆமாம்."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப நீ எப்பம்மா சாவ?"

கணவருக்குப் புரையேறியது. சின்னவன் என்ன ஏது என்று புரியாமல், "நானும் நானும்!" என்றான். ரிப்பன் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவளும், "போடா லூசு!" என்று தம்பியின் தலையில் தட்டிவிட்டுச் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவள் சாப்பிடவில்லை. சோற்றை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்தாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுவருஷம் பெட்டி வரவில்லை. டிசம்பர் பாதி போயிற்று, முக்கால் போயிற்று. தபால்காரரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். கணவருக்கு உள்ளுக்குள் நிம்மதி.

"நல்லதாப் போச்சு, விடு. இப்பதான் மூணு பேரும் சமமாச்சு."

"யாருக்குச் சமம்?" என்றாள் அவள். "பசங்களுக்கு ஒண்ணும் குறையல. அவளுக்கு மூணு குறையுது. அம்மா வழியில இருக்கறது அந்த ஒரே ஆளு. அவரும் மறந்துட்டாருன்னு அந்தப் பொண்ணு நினைக்கணுமா?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? கப்பலைத் தேடிக்கிட்டு நீந்திப் போகட்டுமா?"

"நாமளே மூணு வாங்கி, அவர் அனுப்பின மாதிரி குடுத்துடலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "நல்லா யோசிச்சுப் பாரு. மாமா அனுப்பினா, அது மாமா பாடு. நாம வாங்கினா, ஒரே வீட்டுக் காசுல அவளுக்கு நாலு, பசங்களுக்கு ஒண்ணு. நாளைக்கு அவனுங்களுக்குத் தெரிஞ்சா?"

அந்தக் கேள்வி இரண்டு நாள் அவளைப் படுத்தி எடுத்தது. மேசையில் நின்று மற்றவர்களின் பொட்டலங்களைக் கட்டும்போதும் அதே நினைப்பு. சமமாகக் கொடுத்தால் ஒருத்தி தனித்துப்போவாள். சமமில்லாமல் கொடுத்தால் இரண்டு பேருக்கு அநியாயம். கடைசியில், பையன்களுக்கு அம்மாவும் அப்பாவும் கண்ணெதிரே இருக்கிறார்கள், அவளுக்கு அந்தப் பெட்டிதான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடையிலேயே மூன்று பொருள்கள் வாங்கினாள். மணி கோத்த கைப்பை ஒன்று, தலைக்கு மாட்டும் கிளிப்புகள் ஒரு செட், வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று. கிடங்கிலிருந்து வெளிநாட்டு எழுத்துப் போட்ட அட்டைப்பெட்டியும், அதில் அடைத்துவந்த வெளிநாட்டுச் செய்தித்தாளும் கிடைத்தன.

அடுத்து, கட்ட வேண்டும். மதிய இடைவேளையில் இருவரும் மொட்டை மாடியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறைக்குப் போனார்கள். மோசமாகக் கட்ட அவளுக்கு வரவில்லை. வேண்டுமென்றே கோணலாக வைத்தாலும் விரல்கள் தாமாக நேர்செய்துவிட்டன. இரண்டு முறை பிரித்துவிட்டு, "நீங்க கட்டுங்க, உங்களுக்குத்தான் இது இயல்பா வரும்" என்று தள்ளிவிட்டாள்.

"இது பாராட்டா?"

"டேப்பை இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க. அசிங்கமா இருக்கணும்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்பதான் என் வேலையில நீ குத்தம் சொல்லல."

பார்க்கச் சகிக்காமல் அவள் ஓடும் மோட்டாரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துப் பெட்டிக்குள் வைத்தாள். அசல் கப்பல் மாமா கைவேலை. இருவருக்கும் பரம திருப்தி.

பண்டிகைக் காலையில் பையன்கள் தங்கள் பொட்டலத்தைக் கிழித்துக் காகிதத்தைப் பறக்கவிட்டார்கள். பெரியவளும் வீட்டுப் பரிசைப் பிரித்தாள். அவள் கேட்டிருந்த குடை. சந்தோஷமாக இருந்தாள். பிறகு அப்பா உள்ளேயிருந்து அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து வைத்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"மாமா ஏன் இப்படிப் பண்ணாரு?"

"என்னம்மா ஆச்சு?" என்றாள் ரிப்பன் அக்கா.

"அனுப்ப வேணாம்னு சொல்லியிருந்தேன். என் பொறந்த நாளுக்குப் போன் பண்ணாருல்ல, அப்பவே சொன்னேன். சரின்னாரு."

"ஏன் வேணாம்னு சொன்ன?"

பெரியவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "போன வருஷம் இவன் கேட்டான்ல. எனக்கும் ஒண்ணு, இவனுங்களுக்கும் ஒண்ணுன்னு இருந்தாப் போதும்னு தோணிச்சு. நானும் இந்த வீட்டுப் பொண்ணுதானே?"

ஆத்திரத்தோடு அவள் ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பினாள். செய்தித்தாளின் கசங்கலுக்கும் பழுப்பு டேப்பின் அலங்கோலத்துக்கும் நடுவே, மடிப்புச் சேரும் இடத்தில், தங்கநிற ஸ்டிக்கர் பளபளத்தது. அடுத்ததைத் திருப்பினாள். அதிலும். மூன்றாவதிலும். மோட்டார் அறையில் கையில் வாங்கிச் சரிபார்த்தபோது ரிப்பன் அக்காவின் கட்டைவிரல் தன் வேலையைச் செய்திருந்தது. ஏப்ரன் பையிலிருந்து எடுத்ததும் ஒட்டியதும் அவளுக்கே தெரியாது.

"இப்பல்லாம் இந்த ஸ்டிக்கர் கப்பல்லயும் கிடைக்குது போல" என்றார் கணவர்.

"அப்பா, சும்மா இருங்க." பெரியவள் நிமிர்ந்தாள். "சித்தி, இது நீங்க கட்டினதா?"

"கட்டினது உங்கப்பா. ஒட்டினது நான்." சொல்லும்போதே குரல் இறங்கியது. "மாமா மறந்துட்டாருன்னு நீ நினைச்சுடக் கூடாதுன்னுதான்."

"அக்காவுக்கு நாலு!" என்று எண்ணி முடித்த நடுவுலவன் கத்தினான்.

பெரியவள் அந்த மூன்றையும் வரிசையாக வைத்தாள். அழப்போகிறாளோ என்று ரிப்பன் அக்கா பயந்தாள். அவள் அழவில்லை. வகுப்பில் கணக்குப் போடும்போது வரும் முகம் வந்திருந்தது.

"அப்ப இது மாமா கணக்கா, வீட்டுக் கணக்கா?"

"எனக்கே தெரியலம்மா. நீயே சொல்லு."

"நாலும் ஒண்ணும் ஒண்ணும் ஆறு. மூணு பேருக்கு ஆளுக்கு ரெண்டு." பொட்டலங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க கடையில மாத்திக் குடுப்பாங்கல்ல?"

பண்டிகை முடிந்து கடை திறந்த அன்று மாற்றும் பிரிவில் கூட்டம் நெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ரிப்பன் அக்கா மேசைக்கு இந்தப் பக்கம், கையில் பையோடு, பெரியவளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் அங்கிருந்த பெண் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"நீங்களே கட்டி, நீங்களே பிரிச்சு, நீங்களே மாத்தவும் வந்துட்டீங்களா? பண்டிகையை மொத்தமாக் குத்தகை எடுத்துட்டீங்களாக்கா?"

"கட்டினது நான் இல்லம்மா. கட்டின லட்சணத்தைப் பாத்தாலே தெரியலியா?"

கைப்பையும் கிளிப்பும் போய், கொக்கி வைத்த லாரி ஒன்றும் டார்ச் லைட் ஒன்றும் வந்தன. லாரி சின்னவனுக்கு, டார்ச் நடுவுலவனுக்கு. வண்ணப் பென்சிலைப் பெரியவள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "இது மூணும் கப்பல் மாமா குடுத்தது. ஆளுக்கு ஒண்ணு" என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. லாரி கிடைத்தவன் ஏன் பேசப்போகிறான்?

வருஷக் கடைசியில் மாமாவின் போன் வந்தது. அந்தக் காலத்துப் போன். எதிர்முனையில் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். அடுக்களை வாசலில் நின்ற ரிப்பன் அக்காவுக்கும் கேட்டது.

"மாமா, நீங்க அனுப்பினது வந்துது. எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"நான் எங்க அனுப்பினேன்? நீதானே வேணாம்னு..."

"அனுப்பிட்டீங்க மாமா. மூணு. தம்பிங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இனிமே வருஷா வருஷம் அப்படித்தான். நான் அப்புறம் சொல்றேன், இப்ப ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

எதிர்முனையில் இரைச்சலுக்கு நடுவே ஒரு கனைப்பு. பிறகு, "ஆமா" என்றது குரல்.

அதற்குள் நடுவுலவன் பாய்ந்துவந்து போனைப் பிடுங்கினான். அதுவரை அவன் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டார்ச் சூப்பரா எரியுது!"

"யாரு பேசறது?"

"நான்தான். நடுவுலவன்."

ரிப்பன் அக்கா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கையிலேயே பிடித்தபடி நின்றாள். அந்த ஆள் அவளுக்கு உறவுமில்லை, இரத்தமுமில்லை. அவருடைய அக்கா வாழ்ந்த வீட்டுக்கு, அந்த அக்காவுக்குப் பிறகு வந்தவள் அவள். என்ன சொல்லப்போகிறாரோ என்று காது அங்கேயே இருந்தது.

கடல் தாண்டி, இரைச்சலைப் பிளந்துகொண்டு, அந்தக் குரல் கணீரென்று வந்தது.

"சொல்லுடா மருமகனே. உங்க அம்மா எப்படி இருக்காங்க?"