தலைக்கு ஊற்றிய பிறகும் நான்கு நாள்

ரங்கூன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் மகள் கமலத்தை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. எங்கள் ஊர் கியாக்தானிலிருந்து லாஞ்சுப் படகில் வரும்போதே இரண்டு முறை வலிப்பு கண்டுவிட்டது.

சுற்றிலும் எங்களைப் போல வயற்காட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள். சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்குப் பாம்புக்கடி, மற்றவர்களுக்கெல்லாம் குளிர்காய்ச்சல்.

எங்களுடையது முறைக்காய்ச்சல் (ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது). முதல் தடவை வந்தபோது, எங்கள் ஊர்க் கம்பவுண்டர் கொய்னா (காய்ச்சலுக்குத் தரும் கசப்பு மாத்திரை) கொடுத்து, ஏழு நாள் விடாமல் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. "காதுக்குள்ள வண்டு கத்துதுப்பா" என்றாள் கமலம். மருந்துச் சூடு என்று நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை என் மனைவி செல்லம்மாள் அவளுக்குத் தலைக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டால் நோயை வழியனுப்பியாயிற்று. அதன் பிறகும் மருந்து கொடுப்பது நோயைத் திரும்ப அழைப்பது போல என்பது எங்கள் நம்பிக்கை. நான் நெல் ஆலைக் குமாஸ்தா, படித்தவன். அப்படியிருந்தும் நானே மாத்திரைச் சீசாவைப் பரணில் வைத்தேன். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது.

டாக்டர் எங்கள் பக்கத்துத் தமிழர். கமலத்தின் இடது விலாவுக்குக் கீழே அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார்.

"மருந்தை எப்ப நிறுத்தினீங்க?"

"காய்ச்சல் விட்டதும். காது இரையுதுன்னும் சொன்னா. தலைக்கு ஊத்திட்டோம், டாக்டர்."

"காய்ச்சல் குளிச்சுட்டுக் கிளம்பிடுச்சுன்னு நினைச்சீங்களாக்கும்? ரத்தத்துலதான் உக்காந்திருக்கு. காது இரைஞ்சா மருந்து ஏறுதுன்னு அர்த்தம்." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் செய்வாங்க."

"பிழைச்சுடுவாளா?"

"ஊசி போட்டிருக்கேன். கண்ணைத் திறக்கட்டும்."

செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தானே ஊத்தினேன்."

"சீசாவை எடுத்து வச்சது நான்" என்றேன்.

மறுநாள் பகலில் கமலம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். சில நாள் கழித்து வீடு திரும்பும்போது, "குளிப்பாட்டுங்க, வேண்டாங்கலை. ஆனா சீசா காலியான அப்புறம்" என்றார் டாக்டர். அப்படியே செய்தோம். காய்ச்சல் விட்ட வீட்டில் இதைப் படிப்பவர்கள் சீசாவில் மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அவள் இப்போது ஓடுகிறாள், சண்டை போடுகிறாள். எனக்குத்தான் நாட்கள் இன்னும் ஒன்றுவிட்டு ஒன்றாக வருகின்றன: ஒரு நாள் மூச்சு விட, ஒரு நாள் அஞ்ச. அவளுக்குக் குளிர் கண்ட அதே பிற்பகல் வேளையில் ஆலையிலிருந்து வந்து அவள் நெற்றியைத் தொடுகிறேன்.

"சுடவே இல்லப்பா" என்கிறாள். "உங்க கைதான் நடுங்குது."