துருவத்தைப் பார்த்த கண்

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. 'கிர்ர்' என்று ஒரு மெல்லிய முனகல், ஒரு நிறுத்தம், பிறகு ஏதோ சின்ன உலோகம் தரையில் விழுந்து உருளும் ஓசை. அதைத் தொடர்ந்து சர்வேயரின் குரல்.

"சனியனே, எங்க போய் ஒளிஞ்ச?"

கூடத்தில் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்த அவர் மனைவி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சர்வேயரின் பள்ளிக்கூடத் தோழர் அவர்.

"மூணு நாளா இதே கூத்துதாண்ணே" என்றாள் அவள், குரலைத் தணித்து. "நட்சத்திரப் படம் எடுக்கற மெஷின்ல மோட்டார் கெட்டுப்போச்சாம். கழட்டறாரு, மாட்டறாரு. திருகு காலடியிலயே கிடக்கு, அவருக்குத் தெரியல. எடுத்துக் குடுத்தா, 'எனக்குக் கண்ணு இல்லையா'ன்னு பாயறாரு."

"சாயங்காலம் மலைக்குக் கிளம்பறானாமே?"

"ஆமாண்ணே. தனியா, காரை எடுத்துக்கிட்டு. அதான் உங்களை வரச் சொன்னேன். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

சர்வேயர் என்பது தொழில். ஆனால் ஊருக்கு அதுவே அவர் பெயராகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை நிலத்தை அளந்தவர். கருவியின் குழலில் ஒற்றைக் கண்ணைப் பொருத்தி, தொலைவில் உதவியாள் பிடித்திருக்கும் அளவுகோலின் கோட்டைப் படித்துச் சொல்வார். வேலித் தகராறில் கடப்பாறையோடு நின்றவர்கள்கூட, "சர்வேயர் கண்ணு வச்சுப் பார்த்துட்டாரு, விடு" என்று வீட்டுக்குத் திரும்பியதுண்டு. அந்தக் கண்ணின்மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஓய்வு பெற்று நிலம் கையைவிட்டுப் போனதும், அவர் வானத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஒரு கேமரா. பிறகு டிராக்கர். பூமி சுற்றுவதால், கேமராவை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டுவிடும். டிராக்கர் கேமராவை வானத்தின் வேகத்திலேயே மெல்லத் திருப்பும். நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும். ஆனால் நிலம் கலங்கிவிடும். அதனால் டிராக்கரை நிறுத்திவிட்டு நிலத்தைத் தனியாக எடுத்து, இரண்டையும் பிறகு வீட்டில் கணினியில் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் மூலம் ஒன்றே ஒன்று. டிராக்கரின் பக்கத்தில் இருக்கும் பட்டாணி அளவுத் துளையில் கண்ணை வைத்து, திருகைத் திருப்பி, துருவ நட்சத்திரத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்த வேண்டும். அது பிசகினால் எல்லாமே பிசகும்.

சர்வேயர் பிசகியதே இல்லை. ஏரிக்கரைப் பட்டமரத்துக்கு மேலே பால்வீதி எழும் அவருடைய படம் பல் டாக்டரின் அறையில் தொங்குகிறது. அதில் நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஊசிமுனை.

அமாவாசை இருட்டில் இருவரும் சேர்ந்தே படமெடுக்கப் போவார்கள். சென்ற மாதம் கடையில் சரக்கு வந்திறங்கும் நாளென்று மருந்துக்கடைக்காரர் போகவில்லை. சர்வேயர் தனியாகப் போனார். திரும்பி வந்தபோது படமெல்லாம் கோடு. காரின் இடது கதவில் நீளமாய் ஒரு கீறல். பாலத்தருகே மைல்கல்லில் உரசிவிட்டது என்று சொன்னார்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் மருந்துக்கடைக்காரர். உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "மோட்டார்ல ஒண்ணும் இல்ல. போன வருஷமே அவன் துருவத்தை விட்டுட்டு வேற எதையோ பிடிச்சு வச்சிட்டு 'சரி'ன்னான். அந்த 'சரி'யில எவ்வளவு பெருமை தெரியுமா? எனக்கு மறுக்க வாய் வரல. அவன் டீ ஊத்தத் திரும்பினப்போ நான் திருகைத் திருப்பிச் சரி பண்ணேன். அப்புறம்... ஒவ்வொரு தடவையும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு வருஷமாவா? என்னண்ணே பண்ணிட்டீங்க! படம் ஒரு தடவை கெட்டிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேனே. மருந்துக்கடை வச்சிருக்கிற உங்களுக்கு இது தோணலையா?"

அன்பு செய்த பாவத்துக்கு என்ன பரிகாரம்? மருந்துக்கடைக்காரர் எழுந்து உள்ளறைக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

"வாடா, மாத்திரை!" சர்வேயர் உற்சாகமாகத் திரும்பினார். மேசையில் திருகுகளும் பல்சக்கரங்களும் பரப்பிக் கிடந்தன. "இந்தப் படத்தைப் பாரு. ஒவ்வொண்ணும் அரிசி மாதிரி நீண்டு கிடக்கு. இவ என்னடான்னா வெளியவே போகாதேங்கறா. விட்டா என்னையும் இந்த டிராக்கர் மாதிரி கழட்டிப் பெட்டியில வச்சிடுவா."

நண்பர் சிரிக்கவில்லை. "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ஓடற சத்தத்தைக் கேட்டேன்."

"அப்ப கோளாறு எதுல?"

நண்பர் மேசையோரம் வந்து நின்றார்.

"துருவம் சரியா நிக்கலடா. ஒரு வருஷமாவே நிக்கல. நீ வச்சதுக்கு அப்புறம் நான்தான் திருத்தினேன்."

 சர்வேயரின் முகத்தில் இருந்த சிரிப்பு கழற்ற மறந்ததுபோல அப்படியே நின்றது. பிறகு மெல்ல வடிந்தது.

"பட்டமரம்?"

"அதுவும்தான்."

"அப்ப அது என் படம் இல்ல."

"உன் படம்தான்டா! இடம் பார்த்தது நீ, நேரம் பார்த்தது நீ. நான் தொட்டது ஒரே ஒரு திருகு."

"அந்த ஒரு திருகுதான்டா எல்லாம்!" மேசையை ஓங்கி அறைந்தார். பல்சக்கரங்கள் துள்ளின. "என்னைக் குருடன்னு முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே! பின்னாடி நின்னு பிச்சை போட்டியா?"

மருந்துக்கடைக்காரரின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் குறுக்கே வந்தாள். இப்போது விட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, கார் மைல்கல்லுல உரசிச்சுன்னீங்களே. அந்த ரோட்டை அளந்தவரே நீங்கதான். சொல்லுங்க, அந்தப் பாலத்துக்கிட்ட மைல்கல் எங்க இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை. நிலத்தைப் பற்றிப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பாலத்துச் சுவர்" என்றார் கடைசியில். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது. "இடது பக்கம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது. கீழ தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு."

அவள் அழவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவர் சட்டைப்பையைத் துழாவி, கார் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். நிலத்தையும் வானத்தையும் ஆண்ட ஒரு மனிதர் தன் ராஜ்யத்தைக் கொடுப்பதுபோல இருந்தது அது.

"நாளைக்குக் காலையில கண் ஆஸ்பத்திரி. எதுவும் பேசக் கூடாது" என்றாள்.

"பேசலம்மா."

"போனது வராதுன்னாலும், இருக்கிறதையாவது காப்பாத்திடலாம்னு சொல்லுவாங்க" என்று மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நானும் கூட வரேன்."

"நீ வேணாம்." சர்வேயர் எழுந்து மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். "இந்த அமாவாசைக்கும் வராதே. இந்த மாசம் பூரா நான் உன்மேல கோவமா இருக்கணும். அதுக்கு எனக்கு இடம் குடு."

"அடுத்த மாசம்?"

சர்வேயர் திருகுகளை ஒவ்வொன்றாக விரலால் தேடித் தேடிக் கிண்ணத்தில் போட்டார். இந்த முறை தேடுவதை அவர் மறைக்கவில்லை.

"அடுத்த மாசம் வா. நீ ஓட்டு. துருவத்தையும் நீயே பாரு. ஆனா எந்தப் பக்கம், எவ்வளவுன்னு எனக்குக் கேக்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிட்டுத் திருப்பு. எனக்குத் தெரியாம இனிமே எதையும் தொட்டியோ, கையை ஒடிச்சிடுவேன்."

"ஒடிடா" என்றார் நண்பர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவள் வாசல்வரை கூடப் போனாள். செருப்பை மாட்டும்போது மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மன்னிப்பு கேட்க நினைத்தவர்போல உதடு அசைந்தது. அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"பார்த்துப் போங்கண்ணே. படியில இறங்கும்போது பார்த்து" என்றாள்.

அவர் தெரு முனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டாள்.